ஆம்பிசிலினுக்கு வித்திட்ட எர்ன்ஸ்ட் செயின்

மரபணு ஆய்வகங்களில் நாள்தோறும் பயன்படும் ஆம்பிசிலின், பகுதி செயற்கை பெனிசிலின் வகையைச் சேர்ந்தது. அதற்கு வித்திட்டவர்களுள் ஒருவர் உயிர்வேதியியலாளர் எர்ன்ஸ்ட் செயின்.

1906-ல் பெர்லினில் யூதக் குடும்பத்தில் பிறந்த அவர், ஹிட்லர் ஆட்சியைப் பிடித்த 1933-ல் சொற்பப் பணத்துடன் இங்கிலாந்து சென்றார். ஜெர்மனியிலேயே இருந்த தாயும் சகோதரியும் பின்னர் நாஜிகளால் கொல்லப்பட்டனர்.

ஆக்ஸ்போர்டில் ஹோவர்டு ஃபுளோரியுடன் இணைந்து, ஃபிளெமிங் கண்டறிந்த பெனிசிலினை மருந்தாக மாற்றினார். அதைச் சிதைக்கும் பாக்டீரியா நொதியையும் எட்வர்டு ஆபிரகாமுடன் சேர்ந்து 1940-ல் அடையாளம் கண்டார். ஃபிளெமிங், ஃபுளோரி ஆகியோருடன் 1945-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பெனிசிலினுக்குக் காப்புரிமை பெற வேண்டும் என்று செயின் வற்புறுத்தினார். அது அறமாகாது எனப் பிரிட்டிஷ் மருத்துவத் துறைத் தலைவர்கள் மறுத்துவிட்டனர். ஃபுளோரியுடனான உறவும் கசந்த நிலையில் 1948-ல் ரோம் நகருக்குக் குடிபெயர்ந்தார்.

அங்கிருந்தபடியே பீச்சம் நிறுவனத்தின் ஆலோசகரானார். அவரது ரோம் ஆய்வகத்தில் பணியாற்றித் திரும்பிய அந்நிறுவன விஞ்ஞானிகள், பெனிசிலினின் மையக்கருவான 6-ஏபிஏ சேர்மத்தைப் பிரித்தெடுத்தனர். இம்முறை காப்புரிமை தவறவில்லை. அக்கருவுடன் புதிய பக்கச் சங்கிலியை இணைத்து உருவாக்கிய ஆம்பிசிலின் 1961-ல் விற்பனைக்கு வந்தது.

செயின் 1940-ல் மருந்தின் எதிரியாகக் கண்ட நொதி வகைதான் இன்று ஆய்வாளர்களுக்குக் கைகொடுக்கிறது. அந்நொதிக்கான மரபணு செலுத்தப்பட்ட பாக்டீரியாக்களே ஆம்பிசிலின் கலந்த தட்டில் பிழைத்து வளர்கின்றன, மற்றவை மடிகின்றன.

செயின் 1979 ஆகஸ்ட் 12 அன்று அயர்லாந்தில் காலமானார்.