சின்ன மெழுகுவர்த்தி



கோவில் கட்டக் கொடுக்கப் பணமில்லை, தூரதேசம் போய் வேதம் போதிக்கப் படிப்பில்லை, நம்மால் என்ன ஆகப் போகிறது என்று சோர்ந்து போகிறவர்கள் நம்மில் அநேகர். பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால், மலையாள நாட்டில் வாழ்ந்த அர்ச். அல்போன்சம்மாளின் ஜீவியம் இந்தச் சோர்வுக்கு நல்ல மருந்து.

1910-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 19-ந் தேதி கோட்டயத்துக்கு அருகே குடமாளூரில் அவள் பிறந்தாள். வீட்டார் அன்னக்குட்டி என்று அழைத்தார்கள். பால் குடிக்கும் பருவத்திலேயே தாயை இழந்தவளை, தாயின் சகோதரி முட்டுச்சிறையில் கண்டிப்பாக வளர்த்தாள். சிறு காரியங்களைப் பெரும் சிநேகத்தோடு செய்து மோட்சம் சேர்ந்த அர்ச். குழந்தை தெரேசம்மாளின் சரித்திரம் அந்தச் சிறுமியின் மனதைக் கவர்ந்தது. அதே பாதையில் நடக்கத் தீர்மானித்து, 1927-ல் பரணங்கானத்திலுள்ள பிராஞ்சிஸ்கன் கிளாரிஸ்ட் கன்னியர் மடத்தில் சேர்ந்தாள். மறு வருஷம் அர்ச். அல்போன்ஸ் லிகோரியாரின் திருநாளன்று அல்போன்சா என்ற பெயரைப் பெற்றாள்.

மடத்தில் அவள் செய்த பெரிய வேலை என்ன? சொல்லும்படியாக ஒன்றுமில்லை! 1932-ல் வாகக்காட்டுப் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயினியாக அனுப்பப்பட்டாள். ஏறக்குறைய ஒரு வருஷந்தான். வியாதி அந்த வேலையையும் பறித்துக்கொண்டது. 1936-ல் நித்திய வார்த்தைப்பாடு கொடுத்தாள். 1939-ல் கடுமையான நிமோனியாக் காய்ச்சல். 1940 அக்டோபரில் ஒரு நள்ளிரவில் திருடன் அறைக்குள் நுழைந்த அதிர்ச்சியில் ஞாபக சக்தியையே இழந்தாள். மறு வருஷம் அவஸ்தைப்பூசுதல் பெற்ற பிறகு ஞாபகம் திரும்பியது, ஆரோக்கியம் திரும்பவில்லை.

உலகத்தார் கணக்குப்படி பயனற்ற வாழ்வு. ஆனால் படுக்கையிலிருப்பவளுக்கும் சிரிக்க முடியும், கேட்க முடியும், பிறருக்காக ஜெபிக்க முடியும். தன்னைப் பார்க்க வந்தவர்களின் கஷ்டங்களை அவள் பொறுமையாகக் கேட்டாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் அன்பாய்ப் பேசினாள். தன் நோவை முகத்தில் காட்டாமல் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தாள். அவ்வளவே.

1946-ம் வருஷம் ஜூலை மாதம் 28-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, முப்பத்தாறு வயது நிரம்பும் முன்னே மரித்தாள். மடத்துக்கு வெளியே அவளை அறிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

அவளை மறவாதவர்கள் யார் தெரியுமா? அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்! அவளுடைய கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி கொளுத்தி, தங்கள் சின்னஞ்சிறு மன்றாட்டுக்களைச் சொன்னார்கள். கேட்டது கிடைத்ததென்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். பிள்ளைகளைப் பார்த்துப் பெரியவர்கள் வந்தார்கள். பெரியவர்களைப் பார்த்து நாடே வந்தது. 1986-ல் பாப்பரசர் 2-ம் அருளப்பர் சின்னப்பர் கோட்டயத்துக்கே வந்து அவளுக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். பாதங்கள் வளைந்து பிறந்த ஒரு குழந்தை குணமடைந்ததைத் திருச்சபை புதுமையாக ஏற்றுக்கொண்டபின், 2008 அக்டோபர் 12-ந் தேதி பாப்பரசர் 16-ம் ஆசீர்வாதப்பர் அவளை அர்ச்சியசிஷ்டவளாகப் பிரசித்தம் செய்தார். இந்தியப் பெண்களில் இந்த மகிமையை முதலில் அடைந்தவள் இவளே. 2009-ல் இவளுடைய உருவம் பொறித்த ஐந்து ரூபாய் நாணயமும் வெளிவந்தது.

யோசித்துப் பாருங்கள். அந்தப் பிள்ளைகளிடம் அவள் ஒருநாள் சிடுசிடுத்திருந்தால், முதல் மெழுகுவர்த்தியை யார் கொளுத்தியிருப்பார்கள்?

நம் அன்னூர் வீடுகளிலும் படுக்கையில் கிடக்கும் அப்பாருகளும் அமுச்சிகளும் உண்டு. தம்மால் யாருக்கு என்ன பிரயோசனம் என்று அவர்கள் கண்ணீர் விடும்போது, இந்தச் சரித்திரத்தைச் சொல்லுங்கள். அவர்களுடைய ஒரு செபமாலை வீட்டைத் தாங்குகிறது. சந்தைக்குப் போகிற அவசரத்திலும் அவர்களருகே ஐந்து நிமிஷம் உட்காருங்கள். தாகமென்று வாசலில் நிற்பவருக்கு ஒரு சொம்புத் தண்ணீரை முகம் மலர்ந்து கொடுங்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையிடம் ஒரு நல்ல வார்த்தை பேசுங்கள்.

நாம் மறந்துபோகும் இந்தச் சின்னக் காரியங்களைச் சர்வேசுரன் மறப்பதில்லை.