கேமில் வழி எப்படி மனசுல பதியுது? எலிகளிடம் விடை தேடிய டோல்மன்

கோல சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குள்ள நுழைஞ்சு பாருங்க. எல்லா நிரையும் ஒரே மாதிரி இருக்கும். புதுசா வர்றவங்க நாலு திருப்பத்துல தடுமாறிடுவாங்க. அங்கேயே வளர்ந்த பிள்ளை தடுமாறாது. அதே பிள்ளை கைப்பேசியில் புது கேம் ஒன்றைத் திறந்தாலும், சில நாள்லயே எந்த வீட்டுக்குப் பின்னால எந்தச் சந்துன்னு சொல்லிடும். யாரும் சொல்லித் தரலையே, எப்படி?

கணினி விளையாட்டுகள் வருவதற்கு வெகு முன்பே இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர் எட்வர்ட் டோல்மன். 1886-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தார். எம்.ஐ.டி.யில் மின்வேதியியல் படித்தவர், ஹார்வர்டில் உளவியலுக்கு மாறினார். 1918-இல் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

அப்போதைய உளவியலாளர்கள் பலரும், பரிசு கிடைத்தால்தான் கற்றல் நடக்கும் என்று நம்பினார்கள். டோல்மனுக்கு அதில் சந்தேகம். 1930-இல் அவரும் ஹான்சிக்கும் சில எலிகளைச் சிக்கலான பாதைக் கூண்டுக்குள் விட்டார்கள். பத்து நாள் உணவே வைக்கவில்லை. எலிகள் சும்மா சுற்றின. பதினோராம் நாள் முடிவிடத்தில் உணவு வைத்ததும் நிலைமை மாறியது. முதல் நாளிலிருந்தே உணவு பெற்ற எலிகளுக்குச் சமமாக, இவையும் சட்டென்று குறைந்த தவறுகளோடு ஓடத் தொடங்கின. அதாவது, சும்மா சுற்றிய நாள்களிலேயே வழி உள்ளே பதிந்திருக்கிறது!

1946-இல் இன்னொரு சோதனை. பழகிய பாதையை அடைத்துவிட்டு, பல திசைகளில் புதுப் பாதைகளைத் திறந்தார்கள். பழைய பாதைக்குப் பக்கத்தில் இருந்ததைவிட, உணவு இருந்த திசைக்கு நேராகப் போகும் பாதையைத்தான் அதிக எலிகள் தேர்ந்தெடுத்தன. வெறும் திருப்பங்களை மட்டும் அவை மனப்பாடம் செய்யவில்லை. இந்த உள் படத்துக்கு டோல்மன் 1948-இல் 'அறிதல் வரைபடம்' என்று பெயர் கொடுத்தார். விடியுமுன் விளக்கு வெளிச்சத்தில் பால்மரம் வெட்டப் போன நம்ம பாட்டிமார்கிட்ட இருந்ததும் இதுதான்.

1949-இல் அவர் வேலைக்கே ஆபத்து வந்தது. தாங்கள் கம்யூனிஸ்ட் இல்லை என்று பேராசிரியர்கள் உறுதிமொழி தர வேண்டும் என்றது பல்கலைக்கழக நிர்வாகம். ஓய்வுபெறும் வயதை நெருங்கியிருந்தும் டோல்மன் கையெழுத்துப் போடவில்லை, வழக்குத் தொடுத்தார். 1952-இல் மாநில உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அவர் தரப்புக்குச் சாதகமாக வந்தது. 1959-இல் பெர்க்லியில் காலமானார்.

அவர் ஊகித்ததற்கு மூளையில் ஆதாரம் கிடைத்தது அதற்குப் பிறகுதான். குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் மட்டும் துடிக்கும் செல்களை 1971-இல் எலியின் மூளையில் ஜான் ஓ'கீஃப் கண்டார். 2014-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. 2003-இல் சில நோயாளிகள் கணினித் திரையில் ஒரு கற்பனை ஊரில் டாக்சி ஓட்டினார்கள். அவர்கள் மூளையிலும் அதே மாதிரி செல்கள் துடித்தன. ஊர் பொய்யானாலும் வரைபடம் நிஜம்.

2022-இல் வெளியான ஆய்வு ஒன்று நம்ம தோட்டப்புறத்தையும் தொடுது. 38 நாடுகளில் ஏறக்குறைய 4 லட்சம் பேர் படகு ஓட்டும் ஒரு கேமை விளையாடினார்கள். முதலில் வரைபடம் காட்டப்படும், பிறகு மறைந்துவிடும். மீதி வழியை மனசுல வச்சுத்தான் போகணும். நகரத்துக்கு வெளியே வளர்ந்தவர்கள் சராசரியாக நகரவாசிகளைவிட நன்றாக வழி கண்டுபிடித்தார்கள். மூலையில் அம்புக்குறி காட்டும் கேம்களில் இது எப்படி இருக்கும்? அடுத்த முறை அதை அணைச்சுட்டு விளையாடிப் பாருங்க.