மறந்துபோன நூல்களுக்கு முகவரி தந்த பேராசிரியர் உவைஸ்

நம் சங்கத்தின் பொன்விழா மலரில், டத்தோ கிராமாட் வட்டாரத்துக் குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டிய அறிஞர் ஒருவரைப் பற்றி எழுத விரும்பினோம். இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் என்றதும் நினைவுக்கு வரும் மர்ஹூம் பேராசிரியர் எம். எம். உவைஸ் அவர்களே அவர்.

உவைஸ் அவர்கள் 1922ஆம் ஆண்டு இலங்கையின் பாணந்துறைப் பகுதியில் பிறந்தார்கள். சுற்றிலும் சிங்களம் பேசும் ஊர்கள், வீட்டிலோ தமிழ். இரு மொழிகளிலும் தேர்ச்சி பெற்றார்கள். விபுலானந்த அடிகள் தமிழ்ப் பேராசிரியராக இருந்த காலத்தில் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்கள். இந்துத் துறவியான அடிகளார், இந்த முஸ்லிம் மாணவரைத் தமிழ் படிக்க ஊக்குவித்தார்கள். அந்த ஊக்கத்தை நம் சமுதாயம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

அந்நாளில் தமிழ் இலக்கிய வரலாற்று நூல்களில் முஸ்லிம் புலவர்களுக்குக் கிடைத்த இடம் மிகச் சிறியது. 5027 விருத்தங்கள் கொண்ட உமறுப் புலவரின் சீறாப்புராணத்துக்கே சில வரிகள்தாம். மற்ற நூல்களின் பெயர்கூடப் பலருக்குத் தெரியாது. உவைஸ் அவர்கள் தம் முதுகலை ஆய்வுக்கு முஸ்லிம்களின் தமிழ்ப் பணியையே பொருளாக எடுத்தார்கள். அந்த ஆய்வு 1953இல் ஆங்கில நூலாக வெளிவந்தது. தமிழ் அறியாத நாட்டவரும் இப்படி ஓர் இலக்கியம் உண்டென்று தெரிந்துகொள்ள அது வழி செய்தது.

பின்னர் இலங்கையில் விரிவுரையாளராகப் பணியாற்றினார்கள். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் புகழ்பெற்ற சிங்கள நாவலான கம்பெரலியவை, கிராமப் பிறழ்வு என்ற பெயரில் தமிழாக்கினார்கள். அதன்பின் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கென அமைந்த இருக்கையில் பேராசிரியராக அமர்ந்தார்கள். அங்கு பேராசிரியர் பீ. மு. அஜ்மல் கானுடன் இணைந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார்கள். காப்பியங்கள், சிற்றிலக்கியங்கள், ஞானப் பாடல்கள் ஆகியவற்றோடு, தமிழுக்கு முஸ்லிம்கள் புதிதாகத் தந்த கிஸ்ஸா, நாமா, மஸ்அலா, முனாஜாத்து, படைப்போர் என்ற வகைகளும் அவற்றில் முறையாக விளக்கம் பெற்றன.

ஓர் அறிஞர் எத்தனை நூல், எத்தனை கட்டுரை எழுதினார், அவற்றை எத்தனை பேர் தம் ஆய்வில் எடுத்துக்காட்டினார்கள் என்று இன்று பல்கலைக்கழகங்கள் கணக்குப் பார்க்கின்றன. யூ.எஸ்.எம். முதலிய இடங்களில் பயிலும் நம் பிள்ளைகளுக்கு இது நன்கு தெரியும். ஆனால் அந்தக் கணக்கு பெரும்பாலும் ஆங்கில ஆய்விதழ்களை வைத்துப் போடப்படுவது. தமிழில் அச்சான தடித்த தொகுதிகள் அதில் எளிதில் அகப்படுவதில்லை. உவைஸ் அவர்களின் பணியை அந்த எண்ணால் மட்டும் அளந்தால் பெரும்பகுதி விடுபட்டுப் போகும்.

அவர்களுடைய நூல்களை யார் யார் கையில் எடுக்கிறார்கள் என்று பார்ப்பதே சரியான அளவு. இலக்கிய ஆய்வாளர் எடுக்கிறார், வரலாற்றாசிரியர் எடுக்கிறார், சமயங்களை ஆராய்பவர் எடுக்கிறார். 1572இல் அரங்கேறிய ஆயிர மசலா என்னும் தமிழ் நூலை அதன் மலாய், ஜாவா மொழி வடிவங்களோடு ஒப்பிட்டு ரோனித் ரிச்சி எழுதிய ஆங்கில நூல் 2011இல் வெளிவந்தது. அவரும் உவைஸ் அவர்களின் நூல்களைத் துணைக்கொண்டார். மலாய் மண்ணில் தமிழ் பேசி வாழும் நமக்கு இதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு வேண்டுமா?

பினாங்கும் இந்த வரலாற்றுக்கு வெளியே நிற்கவில்லை. நாகூர் குலாம் காதிறு நாவலர் ஆசிரியராக இருந்த வித்தியா விசாரிணி இதழ் 1883இல் நம் பினாங்கில்தான் தொடங்கியது. நாகூர், காரைக்கால், கொழும்பு, சிங்கப்பூர், பினாங்கு என்று நம் முன்னோர் கப்பலேறிய துறைமுகங்களிலெல்லாம் நம் நூல்களும் சிதறிக் கிடந்தன. அவற்றைத் தேடிப் பெயர், ஆசிரியர், காலம் என்று பதிந்து வைப்பது புகழ் தரும் வேலையன்று. பொறுமை கேட்கும் வேலை. பதியப்படாத நூல் ஒன்று கரையானுக்குப் போனால், அது இருந்ததாகச் சொல்லவும் ஆள் இருக்காது. இதை உணர்ந்தே உவைஸ் அவர்கள் ஆயுள் முழுதும் உழைத்தார்கள்.

1996இல் அவர்கள் இவ்வுலகை நீத்தார்கள். அவர்கள் தொடங்கிய பணி முடிந்துவிடவில்லை. நம் வீடுகளில் பாட்டன்மார் விட்டுச்சென்ற மரப்பெட்டிகளில் பழைய முனாஜாத்துப் புத்தகம், அரபுத்தமிழ்க் கித்தாபு, அட்டை கிழிந்த கிஸ்ஸா ஏதேனும் இருக்கக்கூடும். படிக்கத் தெரியவில்லை என்று அவற்றைப் பழைய தாளோடு போட்டுவிட வேண்டாம். வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டு முதல் பக்கத்தைப் படம் எடுத்து, நூலின் பெயரையும் அச்சிட்ட ஊரையும் ஆண்டையும் எழுதி வைப்போம். அந்தச் சிறு குறிப்பு, நாளை ஓர் ஆய்வாளருக்குப் பெரும் துணையாகலாம்.

பேராசிரியர் அவர்களின் நற்பணியை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.