விதி வகுத்த ஆசான்: தொபித்தா சுயிஷூ

விளையாட்டு மைதானமும் ஒரு வகுப்பறையே என்று நாம் அடிக்கடி கூறுகின்றோம். பரிசளிப்பு விழாக்களில் இவ்வுரை ஒலியாத ஆண்டில்லை. ஆயின், அவ்வகுப்பறைக்குரிய விதிகள் யாவை, அவற்றை வகுக்கும் உரிமை யாருக்குண்டு, விதி வகுப்பவர் தாம் எவ்விதிக்கு உட்பட்டவர் என்னும் வினாக்களை நாம் ஆர அமரச் சிந்திப்பது அரிது. இவ்வினாக்களுக்குத் தம் வாழ்க்கையாலேயே விடை தந்தவர் ஒருவர் யப்பான் நாட்டிலே இருந்தார். மாணவர் பேஸ்போலின் தந்தை என அந்நாட்டார் போற்றும் தொபித்தா சுயிஷூ என்பவரே அவர். அவரது வரலாறு எமது கல்லூரி மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் பயன்படுமெனக் கருதி ஈண்டுச் சுருக்கிக் கூறுகின்றோம்.

பேஸ்போல் என்பது கிரிக்கெற்றைப் போலவே பந்தும் மட்டையும் கொண்டு ஆடும் ஆட்டம். ஓரணியில் ஒன்பதின்மர் ஆடுவர். அமெரிக்க ஆசிரியரான ஹொரேஸ் வில்சன் என்பார் 1872ஆம் ஆண்டளவில் தோக்கியோவில் தம் மாணவருக்கு இதனைக் கற்பித்தார். ஆசிரியர் ஒருவர் தந்த ஆட்டமாதலின், இது யப்பானிலே முதலிற் பாடசாலைகளிலேயே வேரூன்றிற்று.

தொபித்தா 1886ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் முதலாந் திகதி இபராக்கி மாகாணத்திலே பிறந்தார். மித்தோ நகரின் இடைநிலைப் பாடசாலையிற் கற்கும்போதே இவ்வாட்டத்திற் பெரு விருப்புடையவராயினார். பின்னர் தோக்கியோவிலுள்ள வசேடா சர்வகலாசாலையிற் சேர்ந்தார். அங்கு பேஸ்போற் கழகத்தை நிறுவி நடத்தியவர் பேராசிரியர் அபே இசோ. 1905ஆம் ஆண்டிலே தம் மாணவரை அமெரிக்காவுக்கு அழைத்துச் சென்று, கடல் கடந்து ஆடிய முதல் யப்பானிய அணி என்னும் பெருமையை அவர்களுக்கு ஈட்டித் தந்த சான்றோர் அவர். ஆட்டத்தை அறத்தோடு இணைத்துக் காணும் நோக்கைத் தொபித்தா பெற்றது இவ்வாசானிடத்திலேயே.

1910ஆம் ஆண்டில் தொபித்தா வசேடா அணியின் தலைவராயிருந்தார். அவ்வாண்டு அமெரிக்காவின் சிக்காகோ சர்வகலாசாலை அணி யப்பானுக்கு வந்தது. ஆடிய ஆறு ஆட்டங்களிலும் வசேடா தோற்றது. தலைவர் வேறெவர் மீதும் பழி சுமத்தினாரல்லர். பொறுப்பைத் தாமே ஏற்றுப் பதவியைத் துறந்தார். விதி வகுப்பவருக்குரிய முதல் விதி இதுவே போலும்.

அடுத்த ஆண்டு வேறொரு சோதனை வந்தது. தோக்கியோ அசாகி என்னும் நாளேடு, பேஸ்போல் மாணவரைக் கெடுக்கின்றதென ஒரு தொடர் வெளியிட்டது. படிப்புக் குன்றுகின்றது, ஒழுக்கம் தளர்கின்றது, வஞ்சகம் வளர்கின்றது எனக் கல்வியாளர் பலர் அதிற் குற்றஞ் சாட்டினர். பேரறிஞர் நித்தோபே இனாசோவும் அவர்களுள் ஒருவர். குற்றச்சாட்டு முற்றிலும் ஆதாரமற்றதன்று. வசேடாவும் கேயோவும் 1903இல் தொடங்கிய புகழ்பெற்ற போட்டி, இரு பக்கத்து ஆதரவாளரின் வெறியுணர்ச்சி கட்டுக்கடங்காமற் போனமையால் 1906இல் நிறுத்தப்பட்டிருந்தது. மீண்டும் அவ்விரு அணிகளும் சந்திக்கப் பத்தொன்பது ஆண்டுகள் சென்றன.

1919இல் தொபித்தா வசேடா அணியின் பயிற்றுநராயினார். அவர் மாணவரிடம் எதிர்பார்த்தவை சிலவே. ஆயின் அவை எளியவையல்ல. ஒவ்வொரு பந்தையும் அதுவே தம் வாழ்வின் ஒரே பந்து என எண்ணி முழு உள்ளத்தோடும் எதிர்கொள்ள வேண்டும். போட்டியிலும் பயிற்சியே மேலானது. பயிற்சியிற் சோம்பியவன் வெற்றிக்கு உரியவனல்லன். பொருளுக்காகவும் கைதட்டலுக்காகவும் ஆடுதல் மாணவர்க்கு அழகன்று. வாட்போர் முதலிய பழங்கலைகள் மனத்தைப் பண்படுத்துதல் போல இவ்வாட்டமும் பண்படுத்த வேண்டும். இவை ஆட்டத்தின் மீது சுமத்தப்பட்ட பழிக்கு அவர் அளித்த விடையே என நாம் கருதுகின்றோம்.

அவரது பயிற்சி மிகக் கடுமையானது. மாணவர் தளர்ந்து நிலத்தில் வீழும்வரை பந்தடித்துப் பிடிக்கச் செய்தார்; கண்டவர் அதனைச் சாவுப் பயிற்சி என்றனர். பயன் கிட்டாமலில்லை. 1925ஆம் ஆண்டு இலையுதிர் காலத்திலே கேயோவுடனான போட்டி மீண்டும் தொடங்கியபோது வசேடா இரு ஆட்டங்களிலும் வென்றது. அதே பருவத்திற் சிக்காகோ அணி மறுபடியும் வந்தது. இம்முறை வெற்றி வசேடாவின் பக்கமாயிற்று. பதினைந்தாண்டுகளாகச் சுமந்த கடன் தீர்ந்ததெனக் கண்ட தொபித்தா, புகழின் உச்சியிலே பயிற்றுநர் பதவியினின்றும் விலகினார். தோல்வியிற் பதவி துறந்தவர் வெற்றியிலும் துறந்தார்.

அதன்பின் அவர் எழுதுகோலை ஏந்தினார். ஒரு காலத்தில் பேஸ்போலைச் சாடிய அசாகி ஏட்டிலேயே அவர் பணியேற்றமை காலத்தின் விந்தை. அந்நிறுவனமே 1915இல் இடைநிலைப் பாடசாலைகளுக்கான தேசியப் போட்டியைத் தொடங்கியிருந்தது. 1924 முதல் அது கோசியென் மைதானத்தில் நடைபெறலாயிற்று. நாடெங்குமுள்ள சிறுவர்கள் தொபித்தாவின் கட்டுரைகள் வாயிலாக ஆட்டத்தையும் அதற்குரிய ஒழுக்கத்தையும் ஒருங்கே கற்றனர்.

அவரது பெருமையை முழுதாக விளக்குவது 1943ஆம் ஆண்டின் நிகழ்ச்சியே. போர்க்காலத்திலே பேஸ்போல் பகைவரின் ஆட்டமெனப் பழிக்கப்பட்டது. ஆறு சர்வகலாசாலைகளின் கூட்டணி கலைக்கப்பட்டது. இலையுதிர் காலத்தில், கலைத்துறை மாணவருக்கிருந்த படைச்சேவை ஒத்திவைப்பும் நீக்கப்பட்டது. களம் செல்லுமுன் ஒருமுறையேனும் வசேடாவோடு ஆட வேண்டுமெனக் கேயோ மாணவர் விரும்பினர். அவர்தம் தலைவர் கொயிசுமி சின்சோ அதற்குத் துணை நின்றார். வசேடா நிருவாகமோ இசையவில்லை. அப்போது கழகத்தின் ஆலோசகராயிருந்த தொபித்தா மாணவர் பக்கம் நின்று, கழகத்தின் பொறுப்பிலேயே ஆட்டத்தை நடத்த முன்வந்தார்.

1943 ஒக்டோபர் 16இல் வசேடாவின் தொத்சுகா மைதானத்தில் அவ்வாட்டம் நிகழ்ந்தது. வசேடா பத்துக்கு ஒன்று என வென்றது. ஆயின் வெற்றி தோல்வியை யார் எண்ணினர்? ஆட்டம் முடிந்ததும் ஒரு கல்லூரியார் மற்றைக் கல்லூரியின் கீதத்தைப் பாடி வாழ்த்தினர். ஒரு காலத்தில் வெறியுணர்ச்சியாற் பிரிந்த இரு கூட்டத்தார் அன்று கண்ணீரால் ஒன்றாயினர். ஐந்து நாட்களின் பின் மாணவப் படையினருக்குப் பிரியாவிடை அணிவகுப்பு நடைபெற்றது. அன்று ஆடியவருட் சிலர் போரினின்றும் மீளவில்லை. மாணவரிடம் அனைத்தையுங் கேட்ட ஆசான், அவர்களுக்குத் தாம் கொடுக்க வேண்டியதையும் அறிந்திருந்தார்.

போர் முடிந்தபின் மாணவர் பேஸ்போலை மீண்டும் நிறுவுவதில் தொபித்தா முன்னின்றார். 1946இல் மாணவர் பேஸ்போற் சங்கம் அமைந்தது. 1950இல் அதன் சாசனம் வகுக்கப்பட்டது. மாணவர் ஆட்டம் கல்வியின் ஒரு பகுதி, அது வாணிகத்துக்கு உரியதன்று என்பதே அச்சாசனத்தின் உயிர். 1960இல் யப்பானியப் பேஸ்போற் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டது. 1965 சனவரி 26இல் அவர் காலமானார்.

அவரது வழி குறையற்றதென நாம் கூறமாட்டோம். அவர் கடுமையைக் கைக்கொண்டு அன்பைக் கைவிட்ட பயிற்றுநர் பிற்காலத்திற் பலராயினர். அடியும் வசையும் ஒழுக்கமென மயங்கியதால் இளைஞர் பலர் துன்புற்றனர். 2010இல் அச்சாசனம் முழுதாகத் திருத்தப்பட்டபோது, எவ்வகை வன்முறைக்கும் இடமில்லை என்பது அடிப்படைக் கொள்கையாகச் சேர்க்கப்பட்டது. உயர்நிலைப் பாடசாலைப் போட்டிகளில் ஒருவன் ஒரு வாரத்தில் 500 பந்துகளுக்கு மேல் வீசலாகாதென்னும் வரம்பும் பின்னர் வந்தது. இவை தொபித்தாவின் பணியை அழிப்பனவல்ல, நிறைவு செய்வன. விதி மாணவனுக்காக உண்டாயதேயன்றி மாணவன் விதிக்காகப் பிறந்தவனல்லன்.

தொத்சுகா மைதானம் இன்று இல்லை. 1949இல் அபே மறைந்தபின் அவர் பெயரைத் தாங்கிய அந்நிலத்தில் இப்போது வசேடாவின் பெரிய நூல்நிலையம் நிற்கின்றது. அதனருகே அபே, தொபித்தா ஆகிய ஆசானும் மாணவனும் சிலையுருவில் வீற்றிருக்கின்றனர். நூல் தேடிச் செல்லும் மாணவர் ஒருகாற் பந்து பாய்ந்த நிலத்தின் மீதே நடக்கின்றனர். மைதானமும் வகுப்பறையே என்னும் உரைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? எமது அணிகளுக்கு விதி வகுக்கும் ஆசிரியரும் தலைவரும், முதற்கண் தம்மை அவ்விதிக்கு உட்படுத்துவாராக. மாணவர் தாமே பின்தொடர்வர்.