டிவி ஆன்டெனாவைத் தந்த பேராசிரியர்: யார் இந்த யாகி? உடாவின் பெயர் மறைந்தது எப்படி?

80-களிலும் 90-களிலும் தமிழ்நாட்டின் மொட்டை மாடிகளில் நின்ற அந்த டிவி ஆன்டெனா ஞாபகம் இருக்கிறதா? இரும்புக் குழாயின் உச்சியில் மீன் முள் மாதிரி வரிசையாக அலுமினியக் கம்பிகள். காற்றடித்தால் திசை மாறிவிடும். ஒருத்தர் மாடியில் நின்று திருப்ப, இன்னொருத்தர் கீழே இருந்து படம் தெரியுதா இல்லையான்னு கத்த வேண்டும். கடலோர ஊர்களில் இலங்கையின் ரூபவாஹினியைப் பிடிக்க அதையே இன்னும் உயரமாகக் கட்டுவார்கள்.

அந்த ஆன்டெனாவின் பெயர் 'யாகி-உடா'. ஈசிஇ படித்தவர்கள் இதைத் தேர்வில் எழுதியிருப்பார்கள். ஆனால் பேச்சுவழக்கில் உலகம் முழுக்க வெறும் 'யாகி' என்றே சொல்கிறார்கள். யார் இந்த யாகி? உடா ஏன் காணாமல் போனார்?

ஒசாகாவிலிருந்து ஹார்வர்டு வரை

ஹிடெட்சுகு யாகி 1886 ஜனவரி 28-ம் தேதி ஜப்பானின் ஒசாகாவில் பிறந்தார். டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படித்து 1909-ல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே வடக்கே செண்டாய் நகரில் இருந்த தொழில்நுட்பப் பள்ளியில் ஆசிரியர் வேலை.

1913-ல் மேற்படிப்புக்காக ஜெர்மனி போனார். டிரெஸ்டனில் பார்க்ஹவுசனிடம் ஆராய்ச்சி. அடுத்த ஆண்டு முதல் உலகப் போர் வெடித்தது. அப்போது விடுமுறையில் சுவிட்சர்லாந்தில் இருந்த யாகியால் ஜெர்மனிக்குத் திரும்ப முடியவில்லை. லண்டனுக்குப் போய், ரேடியோ வால்வைக் கண்டுபிடித்த ஃபிளெமிங்கிடம் சேர்ந்தார். பிறகு அமெரிக்காவின் ஹார்வர்டில் பியர்ஸிடம். போர் அவருடைய படிப்பைக் கெடுத்திருக்க வேண்டும். மாறாக, ரேடியோ துறையின் மூன்று பெரிய ஆசிரியர்களிடம் பாடம் கேட்கும் வாய்ப்பாக அது அமைந்துவிட்டது.

1916-ல் ஜப்பான் திரும்பினார். 1919-ல் செண்டாயின் தொஹோகு இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பிரிவு தொடங்கியபோது அங்கே பேராசிரியரானார்.

அப்போது என்ன பிரச்சினை?

அந்தக் காலத்தில் மின்பொறியியல் என்றால் ஜெனரேட்டர், மோட்டார், மின்கம்பி. கனமான சமாச்சாரங்கள்தான். ரேடியோவில்கூட நீண்ட அலைகளுக்குத்தான் மவுசு. அவைதான் கடல் தாண்டிப் போகும். சில மீட்டர் நீளமே உள்ள குறுகிய அலைகள் அடிவானத்தைத் தாண்டுவதே கஷ்டம் என்பதால் பலர் அவற்றைக் கண்டுகொள்ளவில்லை.

யாகி அதற்கு எதிர்த்திசையில் போனார். வருங்காலம் மின்சாரத்தால் தகவல் அனுப்புவதில்தான் இருக்கிறது, அதற்குக் குறுகிய அலைகள் வேண்டும் என்பது அவர் கணிப்பு. செண்டாயில் இருந்த சைட்டோ ஹோ-ஒன் காய் என்ற அறக்கட்டளை இந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது. தலைநகரிலிருந்து தள்ளி இருந்த ஒரு பல்கலைக்கழகத்துக்கு அது பெரிய விஷயம்.

மாணவர் கண்ட விநோதம், உடாவின் உழைப்பு

1924 வாக்கில் யாகியின் ஆய்வகத்தில் ஒரு மாணவர் செய்த அளவீட்டில் எதிர்பாராத முடிவு வந்தது. எந்த இணைப்பும் இல்லாமல் சும்மா பக்கத்தில் இருக்கும் உலோகம்கூட அலையின் வலிமையை மாற்றுவதாகத் தெரிந்தது. பிழை என்று ஒதுக்கியிருக்கலாம். யாகி அதைத் தொடர்ந்து போகச் சொன்னார்.

அந்த வேலையைக் கையில் எடுத்தவர் ஷின்டாரோ உடா. யாகியைவிட 10 வயது இளையவர். 1924-ல் தொஹோகுவில் பட்டம் முடித்து யாகியின் உதவியாளரானவர். கம்பியின் நீளத்தை மாற்றி அளப்பது, இடைவெளியை மாற்றி அளப்பது, கம்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டி அளப்பது, மறுபடியும் முதலிலிருந்து. அவர் பயன்படுத்திய அலைகளில் ஒன்றின் நீளம் 4.4 மீட்டர். இன்றைய கணக்கில் சுமார் 68 மெகாஹெர்ட்ஸ். பிற்காலத்தில் டிவி ஒளிபரப்பு வந்தது இதே அக்கம்பக்க அலைவரிசையில்தான்.

முடிவுகளை 1926 மார்ச் முதல் 1929 ஜூலை வரை 11 பகுதிகளாக ஜப்பானிய மின்பொறியியல் கழக இதழில் உடா வெளியிட்டார்.

எப்படி வேலை செய்கிறது?

சிம்பிளாகச் சொன்னால், இந்த ஆன்டெனாவில் ஒரே ஒரு கம்பியில்தான் கேபிள் இணைந்திருக்கும். அதன் நீளம் அலைநீளத்தில் ஏறக்குறைய பாதி. மற்ற கம்பிகளுக்கு ஒயர் இணைப்பே கிடையாது.

* பின்னால் இருப்பது சற்றே நீளமான கம்பி. இது பிரதிபலிப்பான். கண்ணாடி மாதிரி அலையை முன்பக்கம் திருப்பும்.
* முன்னால் இருப்பவை சற்றே குட்டையான கம்பிகள். இவை இயக்குவான்கள். லென்ஸ் மாதிரி அலையை ஒரே திசையில் குவிக்கும்.

காற்றில் வரும் அலை இந்த இணைப்பில்லாத கம்பிகளிலும் மின்னோட்டத்தை உண்டாக்கும். அவை அலையைத் திரும்ப வெளியிடும். நீளமும் இடைவெளியும் சரியாக இருந்தால், இந்த அலைகள் முன்பக்கம் ஒன்றோடொன்று கூடும், பின்பக்கம் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அதனால்தான் ஆன்டெனா கொஞ்சம் திரும்பினாலும் படம் போய்விடும். கூடுதல் கரண்ட் வேண்டாம், சிக்கலான சர்க்யூட்டும் வேண்டாம். ஆறேழு கம்பி போதும். அளவு மட்டும் துல்லியமாக இருக்க வேண்டும். அந்த அளவுகளைக் கண்டுபிடித்துக் கொடுத்ததுதான் உடாவின் வேலை.

பெயர் போனது எப்படி?

1926 பிப்ரவரியில் வந்த முதல் ஆங்கிலக் கட்டுரையில் இருவர் பெயரும் இருந்தது. ஆனால் 1925 டிசம்பரில் விண்ணப்பித்த ஜப்பானியக் காப்புரிமை யாகி பெயரில் மட்டும்தான். 1932-ல் கிடைத்த அமெரிக்கக் காப்புரிமையும் அப்படியே.

1928-ல் யாகி அமெரிக்கா சென்று இந்த ஆராய்ச்சி பற்றி உரையாற்றினார். அதே ஆண்டு அமெரிக்க ரேடியோ பொறியாளர்கள் கழக இதழில் அவர் பெயரில் ஓர் ஆங்கிலக் கட்டுரை வெளியானது. உடாவின் பங்கை யாகி அதில் மறைக்கவில்லை, குறிப்பிட்டே எழுதினார். ஆனால் வெளிநாட்டுப் பொறியாளர்கள் படித்தது அந்தக் கட்டுரையைத்தான். உடாவின் 11 பகுதிகளோ ஜப்பானிய மொழியில் இருந்தன. கட்டுரைக்கு மேலே இருந்த பெயரே கருவிக்கும் பெயராகிவிட்டது.

ஆய்வகத்தின் தலைவர் பெயரில் காப்புரிமை எடுப்பது அன்று விசேஷமான விஷயம் இல்லை. கேள்வியைக் கேட்டவர், பணம் திரட்டியவர், வழிகாட்டியவர் யாகி. இரவு பகலாக அளந்து அதைக் கருவியாக்கியவர் உடா. இதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற விவாதம் ஆராய்ச்சி மாணவர்கள் மத்தியில் இன்றும் ஓயவில்லை.

சிங்கப்பூரில் ஓர் அதிர்ச்சி

சொந்த நாட்டில் இந்தக் கண்டுபிடிப்புக்கு மரியாதை இல்லை. ஜப்பானிய ராணுவம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிரிட்டனும் அமெரிக்காவும் எடுத்துக்கொண்டன.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்தது. பிடிபட்ட பிரிட்டிஷ் ரேடார் கருவிகளோடு ஒரு குறிப்பேடும் சிக்கியது. அதில் திரும்பத் திரும்ப ஒரு புரியாத சொல்: யாகி. ஏதோ ரகசியக் குறியீடு என்று நினைத்து, பிடிபட்ட பிரிட்டிஷ் ரேடார் வீரரிடமே அர்த்தம் கேட்டிருக்கிறார்கள். அது அந்த ஆன்டெனாவைக் கண்டுபிடித்த ஜப்பானியப் பேராசிரியரின் பெயர் என்று அவர் சொன்னதும் விசாரித்தவர்கள் திகைத்துப்போனதாகப் பதிவாகியிருக்கிறது.

கொடுமை அத்துடன் முடியவில்லை. 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமா, நாகசாகி மீது விழுந்த அணுகுண்டுகள் தரையிலிருந்து தங்கள் உயரத்தை ரேடார் மூலம் அளந்து, குறிப்பிட்ட உயரத்தில் வெடித்தன. அந்த ரேடாரில் இருந்தவையும் யாகி வகை ஆன்டெனாக்களே.

கண்டிப்பான வாத்தியார்

ஆன்டெனாவோடு யாகியின் கதையை முடித்துவிட முடியாது. அவருடைய பெரிய திறமை ஆளைக் கண்டுபிடிப்பதில் இருந்தது. செண்டாயில் அவர் குழுவிலிருந்த கின்ஜிரோ ஒகாபே 1927-ல் பிளவு-ஆனோடு மேக்னெட்ரானை உருவாக்கினார். மிகக் குறுகிய அலைகளை உண்டாக்கும் வழியில் அது முக்கியமான படி. இன்று வீட்டு மைக்ரோவேவ் அடுப்புக்குள் இருப்பதும் மேக்னெட்ரான் குடும்பத்துக் கருவிதான்.

1933-ல் யாகி ஒசாகா இம்பீரியல் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்கு மாறினார். அங்கே இளம் விரிவுரையாளராக இருந்தவர் ஹிடெகி யுகாவா. நிறைய யோசிப்பார், ஆனால் ஒரு கட்டுரைகூட வெளியிடவில்லை. யாகி அவரைக் கூப்பிட்டுக் கடுமையாகவே கேட்டார். அதன் பிறகு 1935-ல் அச்சானது யுகாவாவின் மீசான் கட்டுரை. 1949-ல் அதற்காக நோபல் பரிசு. ஜப்பானியர் ஒருவர் பெற்ற முதல் நோபல் அது.

கடைசிக் காலம்

1942-ல் டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தின் தலைவரானார் யாகி. 1944 இறுதியில் அரசின் தொழில்நுட்ப அமைப்புக்குத் தலைமை. போர்க்காலத்தில் வகித்த இந்தப் பொறுப்பே பின்னால் வினையானது. போர் முடிந்து ஒசாகா பல்கலைக்கழகத் தலைவராக இருந்தபோது, ஜப்பானை ஆக்கிரமித்திருந்த நேச நாடுகளின் உத்தரவுப்படி பொதுப் பதவிகளிலிருந்து விலக்கப்பட்டார். பிறகு மீண்டு வந்து 1952-ல் ஆன்டெனா நிறுவனம் தொடங்கினார், 1953-ல் நாடாளுமன்ற மேலவைக்குத் தேர்வானார். 1956-ல் ஜப்பானின் உயரிய பண்பாட்டு விருதும் கிடைத்தது.

உடா தொஹோகுவிலேயே பேராசிரியராக வளர்ந்தார். 1954-ல் தன் மாணவர் முஷியாகேயுடன் சேர்ந்து ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். தலைப்பிலேயே இரண்டு பெயரும் இருந்தன: யாகி-உடா ஆன்டெனா. அடுத்த ஆண்டு யுனெஸ்கோ நிபுணராக இந்தியா வந்து, டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் சுமார் 3 ஆண்டுகள் பணியாற்றினார்.

இப்போது எங்கே இருக்கிறது?

கேபிளும் டிஷ்ஷும் வந்தபின் மாடியிலிருந்து இறங்கிவிட்டது. ஆனால் வேலை போகவில்லை. ரேடியோ காலர் மாட்டிய புலியைக் காட்டில் தேடும் ஆய்வாளர் கையில் பிடித்திருப்பது இதுதான். திருப்பதி அருகே கடங்கியில் வளிமண்டலத்தை ஆராயும் ரேடாரில் குறுக்கும் நெடுக்குமாக 1,024 ஜோடி யாகி ஆன்டெனாக்கள் வயல் போலப் பரப்பி வைக்கப்பட்டுள்ளன.

யாகி 1976 ஜனவரி 19-ல் காலமானார். சென்னையில் தூர்தர்ஷன் ஒளிபரப்பு தொடங்கி அப்போது 5 மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் உடாவும் மறைந்தார். 1995-ல் சர்வதேச மின்பொறியாளர் அமைப்பான ஐஇஇஇ, தொஹோகு பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்தை வரலாற்று மைல்கல்லாக அறிவித்து நினைவுப் பலகை வைத்தது. அதில் பேராசிரியர் பெயரும் இருக்கிறது, உதவியாளர் பெயரும் இருக்கிறது.