காவல் மேடையிலிருந்து கம்பெனி மாளிகைக்கு!

தோழர்களே! விசையைத் தட்டினால் விளக்கு எரிகிறது. மாதம் பிறந்தால் பில் வருகிறது. இரண்டுக்கும் இடையே எத்தனை கணக்கு, எத்தனை கைவரிசை! அந்தக் கணக்கைக் கரைத்துக் குடித்தவர், அமெரிக்காவின் டொனால்ட் குக்.

1909-ல் மிச்சிகன் மாநிலத்து எஸ்கனாபாவில் பிறந்தவர். அவருடைய வாலிபப் பருவத்தில் அங்கே மின்சாரத் தொழில் இருந்த நிலை என்ன? கம்பெனிக்கு மேல் கம்பெனி, அதற்கும் மேல் ஒரு கம்பெனி, உச்சியிலே ஒரு முதலாளி! சாமுவேல் இன்சல் கட்டிய அப்படிப்பட்ட கோபுரம் 1932-ல் சரிந்தது. சிறுகச் சிறுகச் சேர்த்துப் பங்கு வாங்கியவர்களின் பணம் மண்ணாயிற்று. 1935-ல் ரூஸ்வெல்ட் ஆட்சி சட்டம் செய்தது. அந்தக் கோபுரங்களைப் பிரித்துப் போடும் அதிகாரத்தைப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையத்திடம் ஒப்படைத்தது.

அந்த ஆணையத்திலே, மின்கம்பெனிகளைக் கவனிக்கும் பிரிவிலே தேர்ந்தவர் குக். 1949-ல் ஆணைய உறுப்பினர், 1952-ல் தலைவர். காவல் மேடையின் உச்சி!

1953-ல் இறங்கினார். எங்கே போனார்? எந்தத் தொழிலுக்குக் காவல் நின்றாரோ, அந்தத் தொழிலுக்கே! பின்னாளில் அமெரிக்கன் எலெக்ட்ரிக் பவர் என்று பெயர் பெற்ற பெருங்கம்பெனியில் அமர்ந்தார். 1961-ல் அதன் தலைமைக்கு உயர்ந்தார். திறமைசாலிதான், மறுப்பதற்கில்லை. 1969-ல் 7,65,000 வோல்ட் மின்பாதை அமைத்த நிறுவனம் அது. 1965-ல் ஜனாதிபதி ஜான்சன் நிதியமைச்சர் பதவியையே நீட்டினார், குக் ஏற்கவில்லை. மந்திரி நாற்காலியைவிட மின்கம்பெனி நாற்காலி பெரிதாயிற்று!

பிறகு வந்தது சோதனை. நிலக்கரிப் புகையின் கந்தகம் மக்களின் நெஞ்சை அரிக்கிறது என்று, 1970-ல் தூய காற்றுச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. புகையைக் கழுவும் கருவி பூட்டுங்கள் என்றது அரசு. முடியாது, அது பயன் தராது என்று 1974-ல் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக விளம்பரம் செய்தது குக்கின் கம்பெனி. ஒரு காலத்தில் சட்டத்தின் கரமாக இருந்தவர், சட்டத்துக்கு எதிரே கரம் உயர்த்தினார்!

1976-ல் ஓய்வு பெற்றார்; 1981-ல் மறைந்தார். 2007-ல் என்ன நடந்தது? அரசு தொடுத்த வழக்கில் உடன்பாடு கண்ட அதே கம்பெனி, 16 மின்நிலையங்களில் புகைக் கட்டுப்பாட்டுக்காக 460 கோடி டாலர் செலவிட ஒப்புக்கொண்டது. கழுவும் கருவிகளும் அதில் அடக்கம்! இடையிலே போன ஆண்டுகளில் புகையைச் சுவாசித்தவர் யார்? முதலாளியா? ஆலை நிழலிலே குடியிருந்த பாட்டாளி!

குக்கைத் திருடன் என்று யாரும் சொல்லவில்லை. அவர் சென்ற வழியைச் சட்டம் அடைக்கவுமில்லை. அதுதான் பாடம், தோழர்களே! காவலுக்கு நல்ல ஆளைத் தேடினால் மட்டும் போதாது. காவல் மேடையிலிருந்து கம்பெனி மாளிகைக்குப் போகும் படிக்கட்டிலும் மக்களின் கண் இருக்க வேண்டும்!