புளும்பெர்க் கண்ட புரதம்

காமாலை என்றதும் கீழாநெல்லியை நாடுவது தமிழ்நாட்டு வழக்கம். ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் இன்று தொழிற்சாலைகளால் நிறைந்துவிட்டன. ஆயினும் மழை பெய்தால் அப்பக்கத்து வரப்போரங்களில் அச்சிறு செடி தலைகாட்டாமல் இராது. அதனையும் ஆராய்ந்து பார்க்க விழைந்த மேனாட்டறிஞர் ஒருவர் உண்டு. கல்லீரல் அழற்சியைத் தரும் பி வகை வைரசை உலகிற்குக் காட்டிய பாரூக் புளும்பெர்க் என்பாரே அவர்.

அவர் 1925ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 28ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். கணிதம் கற்கப் புகுந்து, பின் மருத்துவத்திற்கு மாறினார். மாணவராயிருந்தபோதே தென் அமெரிக்காவின் சுரினாம் நாட்டிற்குச் சென்றார். ஆங்கு இந்தியர், சாவகத்தார், ஆப்பிரிக்கர் எனப் பல இனத்தார் ஒருங்கு வாழ்ந்தனர். யானைக்கால் நோய்ப்புழு அவர்கள் அனைவரையும் ஒரு தன்மையாய்த் தாக்கவில்லை. ஏன் இவ்வேறுபாடு? இவ்வினா அவரைப் பல்லாண்டு விடாது தொடர்ந்தது.

விடை தேடிப் பல நாட்டாரின் குருதியைத் திரட்டினார். பன்முறை பிறர் குருதி ஏற்கப்பெற்றவர் உடலில், அயற்பொருளை எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள் தோன்றியிருக்கும் அன்றோ? அத்தகைய நோயாளி ஒருவரின் குருதிநீர், ஆஸ்திரேலியத் தொல்குடியினர் ஒருவரின் குருதிநீரோடு கூடியபோது ஒரு கோடு தோன்றியது. புளும்பெர்க்கும் ஆல்ட்டர் என்னும் மருத்துவரும் தம் உடனாய்வாளரோடு 1965இல் இதனை வெளியிட்டனர். அப்புரதம் ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜென்’ எனப் பெயர் பெற்றது. குருதிப் புற்றுநோயின் அடையாளமோ எனவும் முதலில் ஐயுற்றனர். பின்னர், அப்புரதம் இல்லாதிருந்த ஒருவரிடத்தில் அது புதிதாய்த் தோன்றியது. உடன் கல்லீரல் அழற்சியும் கண்டது. வைரசின் மேலுறையே அப்புரதம் என்பது படிப்படியாய்த் தெளிவாயிற்று.

இந்நோயில் வியப்பானதொன்று உண்டு. கல்லீரல் அணுக்களைப் பெரிதும் அழிப்பது வைரசு அன்று. அதனை ஒழிக்க வரும் நம் வெண்குருதியணுக்களே! கள்வன் புகுந்த வீட்டைக் காவலர் இடிப்பது போன்றது இது. வளர்ந்தவருள் பெரும்பாலோர் சில திங்களில் வைரசை வென்றுவிடுவர். பிறக்கும்போதே தொற்றுண்ட குழந்தைகளின் நிலை வேறு. அவர்தம் உடல் வைரசைப் பகையென எதிர்த்தெழுவதில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றின்மர் அளவில் நெடுநாள் நோயராவர். ஆண்டுகள் பல கழிந்தபின் போர் மூளும். மூளுந்தோறும் தழும்பு மிகும். ஈரல் சுருங்கி இறுகும். சிலர்க்குப் புற்றும் தோன்றும்.

ஆதலின் முன்னரே காத்தல் வேண்டும் எனக் கருதிய புளும்பெர்க், மில்மன் என்பவரோடு சேர்ந்து 1969இல் தடுப்பூசிக்கு வழி வகுத்தார். நோயரின் குருதியிலிருந்து வைரசை நீக்கி, மேலுறைப் புரதத்தை மட்டும் பிரித்தெடுப்பதே அவ்வழி. 1976இல் நோபல் பரிசு பெற்றார்.

இனிக் கீழாநெல்லிக்கு வருவோம். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தியாகராசனும் குழுவினரும் புளும்பெர்க்கும் சேர்ந்து செய்த ஆய்வு 1988இல் வெளிவந்தது. செடியின் பொடியை உண்ட 37 பேரில் 22 பேரிடமிருந்து அப்புரதம் மறைந்ததாம். நற்செய்திதான்! எனினும் பிற நாடுகளில் பின்னர் நிகழ்ந்த சோதனைகள் அப்பயனை உறுதி செய்யவில்லை.

புளும்பெர்க் 2011ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், கலிபோர்னியாவில் அறிஞர் கூட்டமொன்றிற்குச் சென்றிருந்த இடத்தில் உயிர் நீத்தார். அவர் பிறந்த நாளே உலகக் கல்லீரல் அழற்சி நாளாயிற்று. இன்று ஒரகடத்துத் தொழிலாளி ஒருவர் குருதிக்கொடை அளிப்பினும், அதில் அப்புரதம் உளதா என்று சோதித்த பின்னரே பிறர்க்கு ஏற்றுவர். நம் மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைக்கு 24 மணி நேரத்திற்குள் இடப்படும் ஊசிகளுள் ஒன்று இந்நோய்க்குரியது.